இடது தோளிலிருந்து ஒரு வீச்சு

இருகை வாளை எடுக்க விரும்புகிறவர் முதலில் கேடயத்தைக் கீழே வைக்க வேண்டும். ஃபோம் வாள் சண்டையில் அது பெரிய இழப்பு. எதிரே வருபவர்களில் பெரும்பாலோர் ஒரு கையில் மூன்றடி வாளும் மறு கையில் தோள் முதல் தொடை வரை மறைக்கும் கேடயமுமாக வருவார்கள். அவர்களுக்கு முன்னால், ஐந்தடியைத் தாண்டிய ஒரே ஆயுதத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, மறைப்பு எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும். வில்லாளிகள் முதலில் குறிவைப்பதும் இவரைத்தான். இருந்தும் ஒவ்வோர் அணியிலும் ஓரிருவர் அந்த நீள வாளைத் தேடிப் போய் எடுக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். தன் பக்கத்தில் நிற்பவருக்காகத்தான் ஒருவர் இந்த வாளைச் சுமக்கிறார் என்று இன்று உறுதியாக நினைக்கிறேன். அந்த நினைப்புக்கு வந்து சேர்ந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சோளமும் சோயாவும் விளையும் தட்டையான நிலத்துக்கு நடுவே இருக்கும் ஒரு பல்கலைக்கழக ஊரில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பொதுப் பூங்காவின் ஒரு மூலையில் ஃபோம் வாள் சண்டைக்காரர்கள் கூடுவார்கள். மாணவர்கள், செவிலியர்கள், லாரி ஓட்டுநர், கணக்கு ஆசிரியர், பட்டறைத் தொழிலாளி எனப் பலவகைப்பட்ட கூட்டம். இரண்டு வரிசையாகப் பிரிந்து, ஒருவர் குரல் கொடுத்ததும் ஓடிப்போய் மோதுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் பாதிப் பேர் புல்லில் மண்டியிட்டிருப்பார்கள், மீதிப் பேர் சிரித்துக்கொண்டே மறுபடி வரிசை கட்டுவார்கள். அந்த மோதலில் வாள்கள் எழுப்பும் ஓசைதான் என்னை முதலில் இழுத்தது: தலையணையை உதறுவதைவிடக் கனமாக, பறை முழக்கத்தைவிட மென்மையாக ஓர் ஓசை.

இந்த விளையாட்டு அப்படியொன்றும் பழையது அல்ல. 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்’ பிரம்பு வாள்களால் சண்டையிட்டது. பிரம்பு உடம்பில் பட்டால் எலும்பு தாங்காது. அதனால் இரும்புத் தலைக்கவசமும் கனத்த உடற்கவசமும் கட்டாயம். 1977இல் வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய பகுதியில் பிரையன் வைஸ் என்பவர் நண்பர்களோடு தொடங்கிய டாகோர்ஹிர், ஃபோம் சுற்றிய ஆயுதங்களைக் கொண்டுவந்து இந்தக் கட்டாயத்தை நீக்கியது. 1983இல் டெக்ஸாஸின் எல் பாஸோவில் ஆம்ட்கார்ட் என்ற இன்னொரு மரபு பிறந்தது. டாகோர்ஹிரிலிருந்து 2001இல் பிரிந்து உருவானது பெலகார்த். நான் கற்றது இந்தப் பெலகார்த் முறை. கவசத்துக்குப் பணம் சேர்க்கத் தேவையில்லாத, ஒரு வாளைக் கடன் வாங்கி அன்றைக்கே களத்தில் இறங்கக்கூடிய விளையாட்டு என்பதால்தான் என்னைப் போன்ற மாணவன் இதற்குள் நுழைய முடிந்தது.

விதிகளில் நிறங்கள் முக்கியம். ஒருகை ஆயுதத்துக்கு நீலம், இருகை ஆயுதத்துக்குச் சிவப்பு, குத்துவதற்குப் பச்சை, அம்புக்கும் எறியீட்டிக்கும் மஞ்சள், ஃபோமில் செய்த எறிகல்லுக்கு வெள்ளை. கையில் அடி பட்டால் அந்தக் கை போயிற்று, காலில் பட்டால் மண்டியிட வேண்டும். இரண்டு உறுப்புகள் போனாலோ உடற்பகுதியில் ஓர் அடி விழுந்தாலோ ஆள் அவுட். வாளால் தலையில் அடிக்கக் கூடாது. சிவப்பு ஆயுதம் 48 அங்குலமாவது இருக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் உரிமைகள் இரண்டு. கவசம் அணிந்தவருக்குக் கிடைக்கும் முதல் அடிச் சலுகை சிவப்பிடம் செல்லாது. கேடயத்தின் மேல் முழு வலுவோடு இரண்டு சிவப்பு அடிகள் விழுந்தால் கேடயம் உடைந்ததாகக் கணக்கு, பிடித்திருப்பவர் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். இந்த இரண்டாவது உரிமைக்காகத்தான் அணிகள் இருகை வாள்காரரைத் தேடுகின்றன. ஒரு கை போனபின் மறு கையால் அந்த வாளை வீசினால் அது வெறும் நீல அடிதான். இரண்டு கைகளும் இருக்கிறவரை மட்டுமே அது சிவப்பு.

அடி பட்டதா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது? பட்டவரே. களத்தில் ஹெரால்ட் என்று சிலர் நிற்பார்கள். பாதுகாப்பைக் கவனிப்பதும் தேவைப்பட்டால் ‘ஹோல்ட்’ என்று கூவி எல்லோரையும் நிறுத்துவதும் அவர்கள் வேலை. புள்ளி எழுதும் நடுவர் கிடையாது. முதுகில் லேசாக ஒன்று விழுந்ததை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பட்டவர் மட்டும் உணர்ந்திருப்பார். அவர் தானாக ‘டெட்’ என்று சொல்லி, வாளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே நடந்து போவார். நான் பார்த்த எத்தனையோ விளையாட்டுகளில் இவ்வளவு அழகான ஒன்றைக் கண்டதில்லை. ஓட்டப்பந்தயத்தில் வென்றவருக்குக் கைதட்டுவதைப் போல இங்கே தோற்றதை உடனே ஒப்புக்கொள்பவருக்கு மரியாதை உண்டு. ‘அவர் நல்லா அடி ஏத்துப்பார்’ என்பது எங்கள் களத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு.

எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலை செய்த பெண்மணி. என்னைவிட வயதில் மூத்தவர், உயரத்தில் குறைந்தவர். அவர் கையில் வாள் அவர் நெற்றி வரை வரும். உயரமானவர்களின் ஆயுதம் இது என்ற என் எண்ணத்தை அவர் நிற்கும் நிலையே மாற்றிவிட்டது. அவரிடம் போய், இருகை வாள் கற்க வேண்டும் என்றேன். “முதல்ல ஒண்ணு செய். அப்புறம் வீசலாம்” என்றார். அதாவது, வாளை நானே செய்ய வேண்டும்.

வாள் செய்வது அவருடைய பட்டறை மூடிய பிறகு, மாலை நேரங்களில் நடந்தது. நடுவில் கண்ணாடியிழைக் குழாய் ஒன்று. அதன் இரு முனைகளையும் முதலில் அடைத்துச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுப்பட்ட விளிம்பு ஃபோமைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். முகாம்களில் விரித்துப் படுக்கும் நீலப் பாய் இருக்கிறதே, அந்த வகை ஃபோம்தான் அலகு. நீர் புகாத, சிறு சிறு மூடிய காற்றறைகளால் ஆன ஃபோம் அது. மெத்தையில் இருக்கும் பஞ்சு போன்ற ஃபோம் இதற்கு உதவாது, அழுத்தினால் நேரே குழாய் வரை அமுங்கிவிடும். பாயை நீண்ட பட்டைகளாக அறுத்து, நடு அடுக்கில் குழாய் உட்காரும் அளவுக்கு இடைவெளி விட்டு, மேலும் கீழும் அடுக்கு வைத்து ஒட்ட வேண்டும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் வகைப் பசைதான். இரண்டு முகங்களிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். சேர்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஒரு முனையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிக்கொண்டே மறு முனைக்குப் போக அவர் கற்றுக்கொடுத்தார். பசையின் நெடி தலையைச் சுற்றவைக்கும் என்பதால் கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும். இல்லினாயின் குளிர்காலத்தில் அது ஒரு தனிப் பயிற்சி.

அலகில் எந்தப் பக்கம் வெட்டும் விளிம்பு என்பது இங்கே மிக முக்கியம். விளிம்புப் பக்கம் ஃபோம் தடித்திருக்கும், தட்டைப் பக்கம் மெலிந்திருக்கும். தட்டைப் பக்கத்தால் அடித்தால் அது அடியாகாது, பட்டவருக்கும் வலிக்கும். ஆகவே கைப்பிடியை வட்டமாக விடாமல் நீள்வட்டமாகச் செதுக்கிச் சுற்ற வேண்டும் என்றார் ஆசிரியர். கண்ணால் பார்க்காமலே விளிம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். கடைசியில் துணி உறை, கைப்பிடி நுனியில் தடித்த குமிழ், அந்தக் குமிழில் சிவப்பு அடையாளம். எல்லாம் முடிந்தபோது ஏறக்குறைய ஒரு கிலோ கனம் வந்தது. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் உண்மையான பெரிய இருகை வாள்கள் பெரும்பாலும் 2 முதல் 3½ கிலோ வரை இருந்தன. கனம் குறைவு என்பதால் எளிது என்று நினைக்கக் கூடாது. லேசான வாள் வேகமாகப் புறப்படும். அதை வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் விளிம்பு திரும்பாமல் பிடிப்பதும்தான் கடினம்.

ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை தொடங்கும் முன் ஆயுதச் சோதனை உண்டு. ஃபோமை விரலால் அழுத்தி உள்ளே குழாய் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். வாளை வளைத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் செய்தவர் முதுகிலேயே ஓர் அடி அடித்துப் பார்ப்பார்கள். அடி வாங்கிய ஃபோம் நாளடைவில் சோர்ந்துபோகும். அந்தக் காற்றறைகள் நசுங்கி, விளிம்பு தளர்ந்து, போன மாதம் தேறிய வாள் இந்த மாதம் தேறாது. அப்போது உறையைக் கழற்றி, அலகை உரித்து, புதிதாக ஒட்ட வேண்டும். தானே செய்த வாள் என்றால் இது ஒரு மாலை வேலை. ஆசிரியர் என்னை முதலில் செய்யச் சொன்னதன் காரணங்களில் இதுவும் ஒன்று. இன்னொரு காரணம், எத்தனை அங்குல ஃபோமுக்குப் பின்னால் குழாய் இருக்கிறது என்று அறிந்தவன் எதிராளியின் விலாவைக் கொஞ்சம் யோசித்துத்தான் அடிப்பான்.

பிடி கற்க அதிக நேரம் ஆகவில்லை. வலது கை அலகுக்கு அருகில், இடது கை குமிழுக்கு அருகில், இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. வீச்சின் வலு மேல் கையிலிருந்து வருவதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். வேலை முழுவதும் கீழ்க் கையினுடையது. அது குமிழைத் தன் பக்கம் இழுக்கும்போது மேல் கை அச்சாக நிற்க, நுனி பறந்து போகும். குமிழ் ஒரு சாண் நகர்ந்தால் நுனி நாலடி நகரும். தடுப்பதற்கும் இதே கணக்குதான். கைகளைச் சற்றே சாய்த்தால் போதும், உடம்பின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு அலகு வந்துவிடும். இரண்டு கைகளும் விலாவை ஒட்டியிருக்கும்போதே எல்லாவற்றையும் செய்ய முடிய வேண்டும் என்பார் ஆசிரியர். கைகளை நீட்டி வீசுபவரின் முன்கைகள்தான் முதலில் அடிபடும்.

பிடிக்குப் பிறகு வந்தது கால். இங்கே பல வாரங்கள் போயின, அவ்வளவும் தேவைப்பட்டது. ஆசிரியர் கேடயமும் சிறு வாளும் எடுத்துக்கொண்டு எதிரே நிற்பார். நான் வீசக் கூடாது. அவர் முன்னால் வந்தாலும் பின்னால் போனாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும், என் வாள் நுனிக்கும் அவர் கேடயத்துக்கும் நடுவே ஒரு சாண் தூரம் மாறாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. திடீரென்று ஓடி வருவார். அப்போதும் அந்த ஒரு சாண்.

நேர்பின்னால் நடந்து இதைச் செய்ய முடியாது. முன்னால் ஓடுபவரின் வேகம் பின்னால் நடப்பவருக்கு வராது. இரண்டு மூன்று அடிகளில் கேடயம் மார்பில் வந்து மோதும். நீள வாளுக்கு அந்த நெருக்கத்தில் எந்தப் பயனும் இல்லை. அதைச் சுழற்ற இடம் இருக்காது, எதிராளியின் குட்டை வாளோ அங்கேதான் முழு வலுவோடு இருக்கும். ஆகவே விலகும் கால் சாய்வாகப் போக வேண்டும். ஓடி வருபவர் வலக்கைக்காரர் என்றால் கேடயம் அவருடைய இடக் கையில் இருக்கும். நான் என் வலப்பக்கமாக விலகினால் அவருடைய கேடயமே அவருக்கும் எனக்கும் நடுவில் வந்துவிடும். அவர் வாள் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கும், கேடயத்தின் விளிம்பு அவர் பார்வையையும் மறைக்கும். அவர் என்னைக் கடந்து போகிற அந்தக் கணத்தில் இடது தொடையின் பின்பக்கம் திறந்துகிடக்கும். முதன்முதலாக இது சரியாக நடந்தபோது ஆசிரியர் மண்டியிட்டபடி, “இப்பதான் உன் வாளுக்கு நீளம் வந்திருக்கு” என்றார்.

நீளத்தைப் பற்றி இன்னொன்றையும் அவர் தரையில் கயிறு போட்டுக் காட்டினார். தோள் உயரத்தில் நேராக நீட்டினால்தான் வாள் தன் முழுத் தூரத்தையும் எட்டும். அதே இடத்தில் நின்று தொடையை அடிக்கக் கீழே இறக்கினால் எட்டும் தூரம் குறைந்துவிடும். ஆனால் இருகை வாள்காரருக்கு முதல் இலக்கு கால்தான். கால் போனவர் மண்டியிட்டபின் துரத்தி வர முடியாது, எட்டாத தூரத்தில் நின்று அவரைச் சுற்றி வரலாம். குறையும் தூரத்தை ஈடுகட்ட முழங்காலை மடக்கி உடம்பையே தாழ்த்த வேண்டும், இடுப்பில் குனிந்தால் தலை முன்னே போய்விடும். மறுநாள் படி ஏறும்போது தொடைகள் இந்தப் பாடத்தை நினைவூட்டும்.

தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆயுதத்தின் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கேடயம் பிடித்தவர் குனிந்து, கேடய விளிம்புக்கு மேல் கண்கள் மட்டும் தெரிய நிற்பார். தோளை நோக்கி இறங்கும் வீச்சு கேடயத்தின் மேல் விளிம்பில் பட்டுத் தாவினால் நேரே முகத்துக்குப் போகும். ஒருகை வாளில் இது நடந்தாலே தொல்லை, இருகை வாளில் நடந்தால் காயம். ஆகவே மேல் வீச்சு எப்போதும் சாய்வாக, கழுத்திலிருந்து விலகி, தோள் முனையிலிருந்து எதிர் இடுப்பை நோக்கி இறங்க வேண்டும். எதிராளி கடைசிக் கணத்தில் தலையைத் தாழ்த்தினால் வீச்சைப் பாதியில் மடக்கவும் தெரிய வேண்டும். “பாதியில் நிறுத்தத் தெரியாத வீச்சைத் தொடங்காதே” என்ற ஒரு வாக்கியத்தை ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னார். வேகமாக வீசிக்கொண்டிருப்பேன், அவர் ‘நிறுத்து’ என்பார், அலகு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கனமான சிவப்பு வாளை நம்பி ஒருவர் கையில் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு குழுவும் இந்தச் சோதனையை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அடிக்கும் வலுவைவிட நிறுத்தும் வலுதான் இருகை வாள்காரரின் தகுதி.

அடியின் அளவும் அப்படித்தான். மிக மென்மையாகப் பட்டால் எதிராளி ‘லைட்’ என்று சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்வார், அது அவர் உரிமை. அளவு மீறினால் அடுத்த வாரம் எவரும் உங்களோடு பயிற்சி செய்ய வரமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. அது சொல்லால் கற்பிக்க முடியாதது. ஆசிரியர் தன் தொடையையும் தோளையும் கொடுத்தார். ஒவ்வோர் அடிக்கும் ‘லைட்’, ‘சரி’, ‘அதிகம்’ என்று மூன்று சொற்களில் ஒன்றைச் சொல்வார். சரியான அடிகள் வரிசையாக வரும்வரை நிறுத்த மாட்டார். தன் உடம்பை அளவுகோலாகக் கொடுத்துக் கற்பித்த அந்த மாலைகளுக்கு நான் என்றும் நன்றி உடையவன்.

ஐரோப்பாவின் பழைய வாள் நூல்களைக் கற்று வந்த ஒருவரும் எங்கள் பூங்காவுக்கு வருவார். யோஆகிம் மேயர் 1570இல் ஸ்ட்ராஸ்பர்கில் வெளியிட்ட நூலையெல்லாம் கரைத்துக் குடித்தவர். அவருக்கு எங்கள் விதிகளில் இரண்டு விஷயங்கள் உறுத்தும். ஜெர்மானிய நீள்வாள் மரபில் தலையும் கைகளும்தான் முதன்மை இலக்குகள். இங்கே தலைக்குத் தடை. மணிக்கட்டுக்குக் கீழே, ஆயுதத்தைப் பிடித்திருக்கும் கையும் ஆயுதத்தின் பகுதி என்பது விதி, ஆகவே விரலில் பட்ட அடி கணக்கில் வராது. அவர் சொன்னது நியாயம்தான். நாங்கள் கற்பது பழைய கலையின் நகல் அல்ல, தனக்கென்று ஒரு தர்க்கம் உள்ள வேறொரு கலை.

ஆனால் அவரே ஒரு நாள் பேச்சுவாக்கில் குறிப்பிட்ட போர்ச்சுகீசியக் கையெழுத்துப் பிரதி ஒன்று எனக்குப் பெரிய வெளிச்சம் தந்தது. தியோகோ கோமெஸ் தெ ஃபிகெய்ரெதோ என்ற படைத்தலைவர் 1651இல் எழுதியது. ‘மோன்தாந்தெ’ எனப்படும் பெரிய இருகை வாளுக்கான பயிற்சி விதிகளை எளியவை பதினாறு, கூட்டியவை பதினாறு என வகுத்துத் தருகிறது அது. ஒருவரோடு ஒருவர் மோதும் சண்டையைவிட, பலர் சூழும் நிலைமைகளே அதில் நிறைய. குறுகிய தெருவில் முன்னும் பின்னும் ஆட்கள் வந்தால் என்ன செய்வது, கப்பலின் நடுப்பாதையில் எப்படி வழி மறிப்பது, ஒரு பெண்மணிக்குக் காவலாக நின்றால் எப்படிச் சுழல்வது என்று போகிறது. பெரிய வாளின் பழைய வேலையே இடத்தைப் பிடித்து வைப்பதும் ஒருவரைக் காப்பதும்தான் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதுவரை ஒற்றைக்கு ஒற்றை நின்று கேடயக்காரரை வெல்வதிலேயே என் மனம் இருந்தது. அதற்குப் பிறகுதான் வரிசையில் என் இடம் எது என்று கேட்கத் தொடங்கினேன்.

கேள்விக்குப் பதில் ஆசிரியரிடம் தயாராக இருந்தது. “இடது முனை” என்றார். என் இயல்பான வீச்சு வலது தோளிலிருந்து புறப்படுவது. வரிசையின் இடது முனையில் நின்றால் என் வலப்பக்கம் எங்கள் ஆள் நிற்பார், வாளைப் பின்னே ஓங்கினால் அவர் மேல்தான் படும். அப்படியானால் வலது முனைதானே சரி? அங்கே போய் நின்று பார்க்கச் சொன்னார். எனக்கு இடப்பக்கம் நின்றவர் வலக்கைக்காரர். என்னை ஒட்டி இருந்தது அவருடைய வாள் கை, கேடயம் அந்தப் பக்கம். எதிரே வந்த ஈட்டி எங்கள் இருவருக்கும் நடுவே எளிதாக நுழைந்தது. இடது முனையிலோ, வலப்பக்கம் நிற்பவரின் கேடயம் என்னை ஒட்டியே இருக்கும், என் பாதி உடம்பை அது மறைக்கும்.

ஆகவே இடது தோளிலிருந்து வீசக் கற்க வேண்டியிருந்தது. கைகளின் பிடி அப்படியே இருக்க, வாள் மட்டும் இடது தோளுக்கு மேல் போகும், மணிக்கட்டுகள் குறுக்கே வரும். முதலில் அது வீச்சாகவே இருக்காது, தள்ளலாக இருக்கும். இடுப்பு திரும்பக் கற்றபின் வலு வந்தது. வந்தபின் ஒரு புது உண்மையும் தெரிந்தது. வலது தோளிலிருந்து போகும் அடி எதிராளியின் இடப்பக்கத்தில், அதாவது கேடயத்தில் போய் விழுகிறது. இடது தோளிலிருந்து போகும் அடி அவருடைய வலப்பக்கத்தில் விழுகிறது. அங்கே கேடயம் இல்லை, வாள் பிடித்த கை மட்டுமே. நண்பருடைய கேடயத்தின் நிழலில் நிற்பதற்காகக் கற்ற வீச்சு எதிராளியின் திறந்த பக்கத்துக்கே வழிகாட்டியது.

கேடயம் உடைப்பதைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணமும் வரிசையில் நின்றபிறகே மாறியது. முதல் அடி விழும்போது எங்கள் களத்தில் ‘ரெட்’ என்று உரக்கச் சொல்வது வழக்கம். கேட்டதும் கேடயக்காரர் முகம் மாறும். இன்னொன்று விழுந்தால் கேடயம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அவர் முன் இரண்டு வழிகள்தான். ஒன்று உடனே என் மேல் பாய வேண்டும், அல்லது பின்வாங்க வேண்டும். பாய்ந்தால் என் வலப்பக்கத்து நண்பருக்கு அவருடைய விலா திறக்கும். பின்வாங்கினால் அவர்கள் வரிசையில் ஓர் ஓட்டை விழும். இரண்டாவது அடி விழாமலே போகலாம். முதல் அடியிலேயே என் வேலை பாதி முடிந்துவிடுகிறது, மீதியை முடிப்பவர் பக்கத்தில் நிற்பவர். சண்டை முடிந்து எண்ணிப் பார்க்கையில் நான் நேரடியாக வீழ்த்தியவர்கள் குறைவாகவே இருப்பார்கள். ஆனால் எங்கள் முனை நின்றிருக்கும்.

இந்தக் கூட்டு வேலையில் பேச்சு பெரிய பங்கு வகிக்கிறது. நண்பர் கேடயத்துக்குப் பின்னால் குனிந்திருப்பார், அவருக்கு அரைக் காட்சிதான் தெரியும். எனக்குக் கேடயம் இல்லாததால் களம் முழுதும் தெரியும். யார் பக்கவாட்டில் சுற்றி வருகிறார்கள், எந்த ஈட்டி நீண்டு வருகிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். “இடப்பக்கம் ரெண்டு பேர்”, “பின்னால வா”, “இப்ப போ” என்று சிறு சிறு சொற்கள். வில்லாளியைக் கண்டால் அதையும் சொல்ல வேண்டும். பெலகார்த்தில் வில்லின் இழுவிசை 35 பவுண்டைத் தாண்டக் கூடாது, அம்பின் முனையில் தடித்த ஃபோம் இருக்கும். ஆனால் அம்புக்குத் தலையும் இலக்குதான், எனக்கோ ஒளிய எதுவும் இல்லை. வில்லாளி கை உயர்த்துவதைப் பார்த்ததும் நான் ‘அம்பு’ என்று கூவுவேன், நண்பர் எழுந்து கேடயத்தை என் முகத்துக்கு முன்னால் பிடிப்பார். அந்த நேரத்தில் அவருடைய கால்கள் திறந்திருக்கும். அவற்றை என் வாள் பார்த்துக்கொள்ளும்.

இப்போது எங்கள் குழுவில் இடக்கைக்காரர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். கேடயத்தை வலக் கையில் பிடிப்பவர். அவரோடு நிற்க வேண்டுமானால் நான் வலது முனைக்குப் போக வேண்டும். அங்கே என்னை ஒட்டி அவர் கேடயம் இருக்கும், என் வலப்பக்கம் வெட்டவெளி. வலது தோளிலிருந்து தாராளமாக வீசலாம், அடிகளெல்லாம் எதிராளிகளின் கேடயங்களில் போய் விழும். ஆகவே இந்த இணையின் வேலை வேறு: நான் உடைக்க வேண்டும், உடைந்த இடத்தில் அவர் நுழைய வேண்டும். முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவே வாளைத் திரும்பத் தோளுக்குக் கொண்டுவர ஆகும் நேரத்தில் எதிராளி பாய்ந்துவிடுகிறார். அதனால் ஓங்காமல், முதல் அடி துள்ளித் திரும்பும் விசையையே வளைத்து இரண்டாவதாக இறக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர் தன் பழைய கேடயம் ஒன்றை மரத்தில் கட்டித் தந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே நாங்கள் இருவரும் அங்கே போய்விடுகிறோம்.